ஒராண்டா தொட்டியில் செடி ஏன் நிலைப்பதில்லை: ஒரு மூன்றடித் தொட்டியின் நிகழ்வு ஆய்வு

தங்கமீன் தொட்டியில் வைத்த செடி போய்விட்டால், 'மீன் தின்னுடுச்சு' என்று எல்லோரும் பேச்சை முடித்துவிடுவார்கள். சில செடிகளை மீன் தின்னத்தான் செய்கிறது. ஆனால் ஒரு மாதத்தில் போன செடிகளின் மிச்சத்தையெல்லாம் எடுத்து ஒரு தட்டில் பரப்பிப் பார்த்தால், தின்னப்பட்டவை ஒன்றிரண்டு வகைதான் இருக்கும். மற்றவை பிடுங்கப்பட்டவை, அழுகியவை, மருந்தில் கருகியவை. காரணம் வேறானால் செய்ய வேண்டியதும் வேறு. அதைப் பிரித்துப் பார்க்காமல் அதே செடிகளை வாங்கி அதே இடத்தில் நடுவதால்தான் பணம் போகிறது, கடைசியில் பிளாஸ்டிக் செடி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் தொட்டி ஒரு குறிப்பிட்ட வீட்டுடையது அல்ல. சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் ஒரே நாளில் வாங்கி, அன்று மாலையே நிரப்பப்படும் வழக்கமான அமைப்பு இது. அளவுகளைத் திட்டமாக வைத்துக்கொண்டால் கணக்குப் போட முடியும் என்பதற்காக ஒரு மாதிரித் தொட்டியாகக் கொண்டிருக்கிறோம்.

தொட்டியும் அதற்குள் போனவையும்

நீளம் 3 அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி. கன அளவு 6.75 கன அடி; ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் 191 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் விட்டு, கல்லும் கண்ணாடித் தடிமனும் எடுத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் உண்மையில் நிற்கும் தண்ணீர் 150 லிட்டர்தான். மருந்து, உரம், உப்பு எதை அளந்தாலும் இந்த 150-ஐ வைத்துத்தான் அளக்க வேண்டும். கடைக்காரர் சொல்லும் 190-ஐ வைத்து அளந்தால் எல்லாமே கால் பங்கு கூடிவிடும்.

மீன்: தலா 60 கிராம் அளவில் மூன்று ஒராண்டா, அதாவது தலையில் சதைக் கொண்டை உள்ள உருண்டை உடல் தங்கமீன். தரை: 5 மி.மீ. வண்ணக் கல், இரண்டு அங்குல உயரம். தண்ணீர்: போர்வெல், பி.எச். (அமில-கார அளவு) 8, டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 900. விளக்கு 12 மணி நேரம். செடிகள்: கபோம்பா இரண்டு கட்டு, ரோட்டாலா ஒரு கட்டு, அமேசான் ஸ்வார்டு இரண்டு, வாலிஸ்னேரியா பத்து, அனுபியாஸ் இரண்டு. எல்லாம் ஒரே நாளில் உள்ளே போகின்றன.

பிறகு நடப்பதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். முதல் வாரத்திலேயே கபோம்பாவும் ரோட்டாலாவும் வெறும் குச்சியாகின்றன. இரண்டாம் வாரம் வாலிஸ்னேரியா ஒவ்வொன்றாக மேலே மிதக்கிறது. நட நட மிதக்கிறது. ஸ்வார்டின் இலைகள் ஓட்டை விழுந்து மஞ்சளாகின்றன. இதற்கிடையில் மீன் அடியில் ஒதுங்குகிறது, துடுப்பில் சிவப்புக் கோடு தெரிகிறது. மருந்தாகத் தொட்டிக்குள்ளேயே கல்லுப்பும் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயமும் விழுகின்றன. ஒரு மாதம் கழித்து அனுபியாஸின் இலைகள் காம்போடு கழன்று வருகின்றன. மிச்சம் இருப்பது பச்சைத் தண்ணீர்.

மிச்சத்தைப் பார்த்துக் காரணம் அறிவது

கபோம்பாவின் குச்சி நன்றாக விறைப்பாக இருக்கிறது, இலை மட்டும் இல்லை. இது தின்னப்பட்டது; சந்தேகமே வேண்டாம். கபோம்பா, ரோட்டாலா, ஹைட்ரில்லா, பாசிக்கொத்துகள் எல்லாம் தங்கமீனுக்குக் கீரை. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. உணவு நேராகக் குடலுக்குப் போகிறது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மேய்வதுதான் அதன் உடலுக்கு ஒத்த பழக்கம். பட்டினி போட்டதால்தான் செடியைத் தின்கிறது என்பது பாதி உண்மை. வயிறு நிறைந்த மீனும் மெல்லிய இலையை விடாது.

மிதந்து வந்த வாலிஸ்னேரியாவைக் கையில் எடுத்தால் கதை வேறு. இலை முழுசாக இருக்கிறது, வேர் வெள்ளையாக, சுத்தமாக இருக்கிறது. கடித்த தடமே இல்லை. இது பிடுங்கப்பட்டது. ஒராண்டா தரையை மேயும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். தலையைச் சாய்த்து ஒரு வாய்க் கல்லை உறிஞ்சும், தொண்டைக்குள் உருட்டி உணவுத் துணுக்கைப் பிரித்துக்கொள்ளும், மிச்சத்தை இரண்டு அங்குலம் தள்ளித் துப்பும். பத்துமுறை இப்படிச் செய்தால் செடியின் அடியில் ஒரு குழி. புதிதாக நட்ட செடிக்கு மண்ணைப் பிடிக்கும் பக்கவேர் இன்னும் வந்திருக்காது. இலையில் இருக்கும் காற்றே அதை மேலே தூக்கிவிடும். மீன் செடியைத் தொடவே தேவையில்லை.

அதோடு 5 மி.மீ. கல் மீனுக்கே ஆபத்து. 4 முதல் 8 மி.மீ. வரை உள்ள உருண்டைக் கல் நடுத்தர ஒராண்டாவின் வாயில் நுழையும், சில நேரம் மாட்டிக்கொள்ளும். தரை ஒன்று 2 மி.மீ.-க்குக் கீழே மணலாக இருக்க வேண்டும், அல்லது வாய்க்குள் நுழையவே முடியாத 3 செ.மீ. கூழாங்கல்லாக இருக்க வேண்டும்.

அனுபியாஸின் இலையில் ஒரு கடி கூட இல்லை. செடியை வெளியே எடுத்து, இலைகள் முளைக்கும் அந்தத் தடித்த கிடைத்தண்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நல்ல தண்டு பச்சை மிளகாய்க் காம்பு மாதிரி கெட்டியாக இருக்கும். கெட்டது பழுப்பாகக் குழைந்து, சாக்கடை வாடை அடிக்கும். இது அழுகல். காரணம், தண்டைக் கல்லுக்குள் புதைத்தது. அனுபியாஸ் மேற்கு ஆப்பிரிக்காவில் ஓடைக் கரையில் கல்லையும் கட்டையையும் பற்றி வளரும் செடி. வேர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். கிடைத்தண்டு மட்டும் தண்ணீரில் திறந்திருக்க வேண்டும்.

ஸ்வார்டில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. பண்ணைகளில் இதைப் பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே இலை நிற்கும்படி வளர்க்கிறார்கள். நீருக்குள் மூழ்கியதும் அந்தப் பழைய இலைகள் மூன்று நான்கு வாரத்தில் தானாகவே போய், புது இலை வரும். அது இயல்பு. ஆனால் பழைய இலையில் ஊசித் துளை விழுந்து அதைச் சுற்றி மஞ்சளானால் பொட்டாசியம் குறைவு. புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புக் குறைவு. தங்கமீன் தொட்டியில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் தேவைக்கு மேலே கிடக்கும். தீவனத்திலிருந்து பொட்டாசியம் போதுமான அளவு வருவதில்லை. பி.எச். 8 தண்ணீரில் சாதாரண இரும்பு கரைந்து நிற்பதும் இல்லை. கழிவு நிறைந்த தொட்டியில் உரமே வேண்டாம் என்ற கடை அறிவுரை இந்த இரண்டு சத்துகளில் தவறிப்போகிறது.

அம்மோனியாக் கணக்கு

செடி வைத்தால் தண்ணீர் மாற்றும் வேலை மிச்சம் என்று நினைத்துத்தான் பலர் தங்கமீனுக்குச் செடி வைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

மூன்று மீனும் சேர்ந்து 180 கிராம். நாளுக்கு 3 கிராம் தீவனம், அதில் புரதம் 40 சதவீதம். மீன் வளர்ப்பில் பயன்படும் பொதுவான சூத்திரம்: தீவன எடை × புரதப் பங்கு × 0.092. அதாவது மீனின் கழிவாக நாளுக்கு 110 மில்லிகிராம் அம்மோனிய நைட்ரஜன். 150 லிட்டரில் அது லிட்டருக்கு 0.74 மி.கி. பி.எச். 8, வெப்பம் 30 டிகிரி என்றால் இதில் சுமார் 7.5 சதவீதம் நச்சு வடிவில் நிற்கும்: லிட்டருக்கு 0.055 மி.கி. செவுளைப் புண்ணாக்க இது போதும். வடிகட்டியில் பாக்டீரியா வளராத புதுத் தொட்டியில் ஒரே நாளில் வந்து நிற்கும் அளவு இது. பி.எச். 7 ஆக இருந்தால் நச்சுப் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதனால்தான் அதே தவற்றைச் சிலர் செய்தும் மீன் பிழைக்கிறது, போர்வெல் தண்ணீர்க்காரர்களுக்குப் பிழைப்பதில்லை.

இந்த 110 மி.கி. நைட்ரஜனைச் செடி மட்டும் எடுக்க வேண்டும் என்றால் எவ்வளவு வளர வேண்டும்? நீர்ச்செடியின் ஈர எடையில் சுமார் 8 சதவீதம் உலர் பொருள், அதில் 3 சதவீதம் நைட்ரஜன் என்று வைத்தால், நாளுக்கு 45 கிராம், வாரத்துக்கு 300 கிராமுக்கு மேல் புதுச் செடி முளைக்க வேண்டும். அதை நாம் வெட்டி வெளியே எடுக்கவும் வேண்டும். அனுபியாஸ் ஒரு புது இலை விடுவதற்கே வாரக்கணக்கில் ஆகும். மீன் தின்னாத செடிகள் பெரும்பாலும் மெதுவாக வளர்பவை. வேகமாக வளர்பவை பெரும்பாலும் மீனுக்குத் தீனி. தங்கமீன் தொட்டியின் அடிப்படைச் சிக்கலே இதுதான். ஆகவே செடி வடிகட்டிக்கு மாற்று அல்ல, தண்ணீர் மாற்றுவதற்கும் மாற்று அல்ல.

வடிகட்டியில் வளர்ந்த பாக்டீரியா சரியாக வேலை செய்தால் அந்த நைட்ரஜன் முழுதும் நைட்ரேட்டாகி, நாளுக்கு லிட்டருக்கு 3.3 மி.கி., வாரத்துக்கு 23 மி.கி. ஏறும். வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்றினால் மாற்றுவதற்கு முன் 46, மாற்றியபின் 23 என்று நிலைக்கும். அதுவும் நாம் ஊற்றும் தண்ணீரில் நைட்ரேட் இல்லை என்றால்தான். போர்வெல் தண்ணீரை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் போல மென்மையான தண்ணீர் வரும் இடங்களில் வேறொரு பொறி இருக்கிறது. ஒரு மி.கி. அம்மோனிய நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறும்போது பி.எச். சரியாமல் தாங்கும் காரத்தன்மையில் 7.1 மி.கி.-யைத் தின்றுவிடுகிறது. இந்தத் தொட்டியில் வாரத்துக்கு லிட்டருக்கு 37 மி.கி. தண்ணீரில் இருப்பதே 40 என்றால் வாரக் கடைசியில் பி.எச். சரியும், பாக்டீரியா வேலையை நிறுத்தும், செடியும் மீனும் ஒன்றாகச் சுணங்கும். 10 கிராம் சமையல் சோடா 150 லிட்டரில் காரத்தன்மையை லிட்டருக்கு 40 மி.கி. உயர்த்தும். சென்னை போர்வெல் தண்ணீரில் இதற்குத் தேவையே இராது.

திருத்தி அமைத்தல்: செடிக்குத் தனி வாசல்

திருத்திய அமைப்பில் முதல் மாற்றம் வரிசை. முதலில் செடி, பிறகு பாக்டீரியா, கடைசியில் மீன். ஏற்கெனவே இருக்கும் மூன்று ஒராண்டாவை, ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் வடிகட்டியோடு வேறு தொட்டியில் வைத்துக்கொண்டால்தான் இது நடக்கும். பாத்திரம் சின்னதாக இருந்தால் தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும்.

தரைக்கல்லை முழுதும் எடுத்துவிட்டு, சலித்துக் கழுவிய ஆற்று மணல் ஒரு செ.மீ. மட்டும். மணல் ஆழமாக இருந்தால் அடியில் காற்றில்லாமல் கறுத்து வாயு கட்டும்; ஒரு செ.மீ.-ஐ மீனே கிளறிக்கொண்டிருக்கும். எம்-சாண்ட் வேண்டாம். உடைத்த கல் என்பதால் முனை கூர்மை, வாயால் சலிக்கும் மீனுக்கு ஆகாது.

தரையில் எதையும் நடுவதில்லை. வேர் விடும் செடி எல்லாம் ஐந்து அங்குல மண்தொட்டியில், பூச்சு இல்லாத சுட்ட மண் தொட்டியில். அடியில் செம்மண்ணும் ஆற்று மணலும் சரிபாதி கலந்து, பிசைந்து 5 செ.மீ.; அதன்மேல் வெறும் மணல் 3 செ.மீ.; செடி நட்டபின் மேலே 3 செ.மீ. கூழாங்கல் நெருக்கமாக. செம்மண்ணில் இரும்பு இருக்கிறது, வேர் வழியாக எடுக்கும் ஸ்வார்டுக்கும் வாலிஸ்னேரியாவுக்கும் அது நல்ல சேமிப்பு. சாணமோ மண்புழு உரமோ ஒரு பிடி கூடச் சேர்க்கக் கூடாது. மூழ்கிய மண்ணில் அது மட்கும்போது அம்மோனியாவும் அழுகிய முட்டை வாடையும் வரும்.

ஒரு மண்தொட்டிக்கு வாலிஸ்னேரியா ஐந்தாறு. வேரை 4 செ.மீ.-க்கு நறுக்கிவிட்டு, இலையும் வேரும் சேரும் வெள்ளைக் கழுத்து மணலுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும். கழுத்து புதைந்தால் அழுகும். கடின நீரை விரும்பும் செடி இது. போர்வெல் தண்ணீருக்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்செடி எளிதில் கிடைக்காது. ஒராண்டா இலை நுனியை அவ்வப்போது கிழிக்கும். வேர் பிடித்திருந்தால் கிழிப்பதைவிட வளர்வது வேகமாக இருக்கும்.

இந்த மண்தொட்டிகளை நேராக மீனிடம் கொண்டுபோகாமல் ஒரு 50 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் மூன்று நான்கு வாரம் வைக்க வேண்டும். காலை வெயில் இரண்டு மணி நேரம் படும் பால்கனி போதும். பக்கத்தில் புதுக்கன்று ஓடிவந்து நின்றால் வேர் பிடித்துவிட்டது என்று பொருள். அதுவே மீனை விடலாம் என்பதற்கு அடையாளம். நாள்காட்டியைப் பார்க்க வேண்டாம். டப்பின் மேல் கொசுவலை கட்டாயம். தேங்கிய தண்ணீர் டெங்கு கொசுவுக்கு வீடு. கொசுப் புழுவைத் தின்ன கப்பி விடலாமே என்று தோன்றும், விடக் கூடாது. டப்பில் மீனே இல்லாமல் வைப்பதன் இன்னொரு நோக்கம், செடியோடு வந்த வெள்ளைப்புள்ளி நோய்க் கிருமியும் நங்கூரப் புழுவின் குஞ்சுகளும் ஒட்ட மீன் கிடைக்காமல் சாவது. கப்பி விட்டால் அவற்றுக்கு ஒட்டிவாழ உடம்பு கிடைத்துவிடும்.

டப்புக்குள் போகும் முன் நத்தை முட்டைக்காகப் படிகாரக் குளியல்: நான்கு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி படிகாரத் தூள், இரண்டு முதல் மூன்று மணி நேரம், பிறகு நல்ல தண்ணீரில் இரண்டுமுறை அலசல். ஏரியிலோ வாய்க்காலிலோ எடுத்த செடி என்றால் பூச்சிமருந்து பயமும் உண்டு. வயல் ஓரத்துச் செடியைத் தவிர்ப்பது நல்லது.

அனுபியாஸை ஒட்டுவது

தங்கமீன் தொட்டியின் முதுகெலும்பு அனுபியாஸ்தான். இலை தடிப்பு, அதோடு இது சேப்பங்கிழங்கின் குடும்பம். சேப்ப இலையைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு அரிப்பதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் அனுபியாஸிலும் உண்டு. மீன் ஒருமுறை வாய் வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடும்.

அரைக் கிலோவுக்குக் குறையாத, முனை மழுங்கிய கருங்கல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லேசான கல்லை ஒராண்டா மூக்கால் தள்ளிப் புரட்டும். கூரிய முனையில் அதன் தலைச்சதை கிழியும். கல்லையும் கிடைத்தண்டின் அடிப்பகுதியையும் துணியால் ஒற்றி ஈரம் போக்கி, ஜெல் வடிவ சயனோஅக்ரிலேட் பசை, அதாவது பெவிக்விக் வகைப் பசை, இரண்டு மூன்று சொட்டு வைத்து அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். தண்ணீர் பட்டதும் இறுகிவிடும், மீனுக்குத் தீங்கில்லை. தண்டு முழுவதும் பசை பூசக் கூடாது. இரண்டு இடத்தில் பிடித்தால் மற்ற இடத்திலிருந்து வேர் இறங்கிக் கல்லைக் கவ்வும். பருத்தி நூலால் கட்டுவது இங்கே சரிப்படாது. வேர் பிடிக்கும் முன் நூல் இற்றுவிடும், மீன் இழுத்துப்போடும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தூண்டில் நரம்பு, தண்டை அறுக்காத இறுக்கத்தில்.

ஜாவா ஃபெர்னும் இதே முறையில் ஒட்டலாம். கசப்பு என்பதால் மீன் தொடுவது குறைவு. இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளி வந்தால் நோய் என்று வெட்டாதீர்கள், அவை வித்துப் பொதிகள். ஆனால் தண்ணீர் 30 டிகிரியிலேயே நிற்கும் சென்னைக் கோடையில் இது இலை கறுத்துச் சுருங்கும். மதுரை, சென்னை வீடுகளுக்கு அனுபியாஸ். ஊட்டி, கொடைக்கானல், பெங்களூருக்கு ஜாவா ஃபெர்ன் என்று பிரித்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை. மூன்றடித் தொட்டிக்கு ஆறு முதல் எட்டு அனுபியாஸ், மூன்று மண்தொட்டி வாலிஸ்னேரியா, நடுவில் ஒரே ஒரு ஸ்வார்டு. கபோம்பா, ரோட்டாலா வேண்டவே வேண்டாம்.

நைட்ரஜனை உண்மையில் இழுக்க வேண்டுமானால் மணி பிளான்ட்தான் வழி. இலை காற்றில் இருப்பதால் கரியமில வாயுவுக்குக் குறைவில்லை, நீர்ச்செடிகளைவிட வேகமாக வளரும். நான்கைந்து கொடிகளை மண்ணில்லாமல் வேரைக் கழுவி, மேல்வடிகட்டியின் பெட்டிக்குள் வேர் மட்டும் நனையும்படி வைக்க வேண்டும். தொட்டிக்குள் நேராகத் தொங்கவிட்டால் மீன் வேர் நுனியை நாள் முழுக்கக் கடித்துக் குட்டையாக்கிவிடும். இதுவும் சேப்பங்கிழங்குக் குடும்பம்தான் என்றாலும் இளவேரை அது விடுவதில்லை.

விளக்கு, காற்று, உரம்

அனுபியாஸுக்கும் வாலிஸ்னேரியாவுக்கும் லிட்டருக்கு 12 முதல் 15 லூமன் வெளிச்சம் போதும். 150 லிட்டருக்கு இரண்டடி நீள 10 வாட் எல்.இ.டி. டியூப் இரண்டு, 6500 கெல்வின் (பகல் வெள்ளை நிறம்), டைமர் வைத்து ஏழு மணி நேரம். பழைய அமைப்பில் 12 மணி நேரம் எரிந்த விளக்கும் எடுக்க ஆளில்லாத நைட்ரேட்டும் சேர்ந்துதான் பச்சைத் தண்ணீர் வந்தது.

செடி வளரச் சிலர் வைக்கும் கரியமில வாயு உருளை இந்தத் தொட்டிக்கு ஒத்துவராது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மி.கி. கரையும் ஆக்சிஜன் 30 டிகிரியில் 7.5 தான் கரையும். தங்கமீனுக்கு மேற்பரப்பு எப்போதும் கலங்கிக்கொண்டிருக்க வேண்டும், அந்தக் கலக்கத்தில் ஏற்றிய வாயு எல்லாம் வெளியேறிவிடும். இரவில் செடியும் ஆக்சிஜனை எடுக்கும் என்பதால் காற்றுப் பம்ப் 24 மணி நேரமும் ஓட வேண்டும். மின்வெட்டுக்கு பேட்டரிப் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். திரவ கார்பன் என்று விற்கும் குளுட்டரால்டிஹைடு வாலிஸ்னேரியாவைக் கூழாக்கிவிடும், அதுவும் வேண்டாம்.

வடிகட்டி மணிக்கு 1,000 லிட்டர் அளவில். உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்ட வேண்டும், கிழிந்த வாலிஸ்னேரியா இலை இம்பெல்லரில் (பம்பின் சுழலும் இறக்கையில்) சுற்றிக்கொள்ளும். அந்த ஸ்பாஞ்சை வாரம் இருமுறை தொட்டித் தண்ணீரிலேயே பிழிய வேண்டும். பாக்டீரியாவை வளர்க்க, மீன் இல்லாத தொட்டியில் ஆய்வகத் தர அம்மோனியம் குளோரைடு 1.15 கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மி.கி. அம்மோனிய நைட்ரஜன் வரும். நாட்டு மருந்துக்கடை நவச்சாரம் பெயரளவில் அதே உப்புதான் என்றாலும் தூய்மைக்கு உத்தரவாதம் இல்லை. போட்ட அம்மோனியா 24 மணி நேரத்தில் அம்மோனியாவாகவும் இல்லாமல் நைட்ரைட்டாகவும் இல்லாமல் மறைந்தால் வடிகட்டி தயார். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். டப்பில் செடி வேர் பிடிக்கும் காலமும் ஏறக்குறைய அதுதான், இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும். மீன் வருவதற்கு முந்தின நாள் பெரிய அளவில் தண்ணீர் மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட வேண்டும்.

உரம்: பொட்டாசியம் சல்பேட் 3.3 கிராம் 150 லிட்டரில் லிட்டருக்கு 10 மி.கி. பொட்டாசியம் தரும். முதலில் ஒருமுறை முழு அளவு, பிறகு ஒவ்வொரு பாதித் தண்ணீர் மாற்றத்துக்கும் 1.7 கிராம். பொட்டாசியம் நைட்ரேட் வாங்காதீர்கள், நைட்ரேட்டை நாம் வெளியேற்றிக்கொண்டிருக்கிறோம். இரும்புக்கு, அதைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் டி.டி.பி.ஏ. வகை; ஈ.டி.டி.ஏ. வகை பி.எச். 8-இல் பிடி விட்டுவிடும். 11 சதவீத இரும்புள்ள தூள் என்றால் 0.14 கிராம் வாரம் ஒருமுறை, லிட்டருக்கு 0.1 மி.கி. கணக்கு. சமையலறைத் தராசு இதை அளக்காது. 1.4 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து, வாரம் 10 மி.லி. ஊற்றினால் சரியாக வரும்.

மீன் திரும்பி வந்தபின்

முதல் வாரம் மூன்றையும் ஒன்றாக விடாமல், தொட்டியின் ஒரு பாதியைத் துளையிட்ட அக்ரிலிக் தட்டியால் மறித்து, மண்தொட்டிகளை மறுபாதியில் வைத்தால் புது இடத்தின் பரபரப்பில் நடக்கும் கிளறலிலிருந்து தப்பும். பசியைத் தணிக்க வாரம் மூன்று நாள் கீரை: கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்த பாலக், தோலுரித்த பட்டாணி, வெள்ளரித் துண்டு. மாடியில் ஒரு டப்பில் அசோலா வளர்த்தால் தினமும் ஒரு பிடி அலசிப் போடலாம். மேற்பரப்பில் மேய ஏதாவது மிதந்துகொண்டிருக்கும்வரை வாலிஸ்னேரியா மீதான கவனம் குறையும். அசோலா டப்புக்கு மாட்டுச்சாணம் கரைப்பவர்கள் உண்டு. மீனுக்குக் கொடுப்பதாக இருந்தால் சாணம் சேர்க்காத டப்பே நல்லது.

அனுபியாஸ் இலைமேல் கழிவுத்தூசி படிவது தவிர்க்க முடியாதது. தண்ணீர் மாற்றும்போது கையால் விசிறி எழுப்பி, குழாயால் உறிஞ்சிவிட வேண்டும். விட்டுவைத்தால் இலை விளிம்பில் கறுப்புத் தாடிப்பாசி வரும். வந்துவிட்டால் கல்லோடு வெளியே எடுத்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பாசிமேல் மட்டும் தூரிகையால் தடவி, இரண்டு நிமிடம் கழித்து அலசி வைக்கலாம். பாசி சிவந்து, வெளுத்து உதிரும்.

கோடையில் மேற்பரப்பின் குறுக்கே சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும்; காற்றில் ஈரப்பதம் கூடிய நாளில் அவ்வளவு குறையாது. ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே நின்றுவிடுவதால், குறைந்த அளவை மட்டும் ஆர்.ஓ. தண்ணீரால் ஈடுகட்ட வேண்டும். வாராந்திர மாற்றத்துக்குப் போர்வெல் தண்ணீரே சரி. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் முந்தின நாள் பிடித்து வைத்துக் காற்று ஓடவிட வேண்டும், அல்லது சோடியம் தயோசல்பேட்.

இனி மருந்து. பழைய தொட்டியில் கடைசி அடி கொடுத்தது இதுதான். லிட்டருக்கு 3 கிராம் என்ற கல்லுப்புச் சிகிச்சை தங்கமீனுக்கு நல்ல வைத்தியம், வாலிஸ்னேரியாவுக்கு மரண அளவு. அனுபியாஸ் லிட்டருக்கு ஒரு கிராம் வரை தாங்கும், அதற்குமேல் நம்பக் கூடாது. மெத்திலீன் புளூ வடிகட்டிப் பாக்டீரியாவைக் கொல்லும், கண்ணாடியை ஒட்டிய சிலிகோன் விளிம்பை நிரந்தரமாக நீலமாக்கும். தாமிரம் கலந்த மருந்து செடிக்கு நஞ்சு. எனவே நோய் என்றால் மீனைத்தான் வெளியே எடுக்க வேண்டும்: 40 லிட்டர் டப், ஏற்கெனவே ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் வடிகட்டி ஒன்று, காற்றுக்கல், 120 கிராம் அயோடின் சேர்க்காத உப்பு மூன்று தவணையில் ஒன்றரை நாளுக்குள். அந்த ஸ்பாஞ்சை எப்போதும் பெரிய தொட்டியின் மூலையில் ஓடவிட்டு வைத்தால் அவசரத்துக்கு உதவும். மெத்திலீன் புளூ போடும் டப்பில் மட்டும் அந்த ஸ்பாஞ்சைப் போடாமல், தினமும் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும்.

இந்த அமைப்பு முழுதும் ஒராண்டா, ரியூக்கின், பிளாக்மூர் போன்ற உருண்டை உடல் மீன்களுக்கானது. காமெட், சாதாரணத் தங்கமீன் போன்ற நீள உடல் மீன்களுக்கு மூன்றடித் தொட்டியே காணாது. வேகமும் வலுவும் கூடிய அவை மண்தொட்டியையே சாய்க்கும். அவற்றைப் பெரிய தொட்டியிலோ சிமெண்ட் குளத்திலோ வைத்திருப்பவர்கள் வாலிஸ்னேரியாவை விட்டுவிட்டு, இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட கல்லில் ஒட்டிய அனுபியாஸும் வடிகட்டிப் பெட்டியில் மணி பிளான்டும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். குளமாக இருந்தால் அகன்ற சிமெண்ட் தொட்டியில் அல்லி நட்டு, மண்மேல் உள்ளங்கை அகலக் கற்களை அடுக்க வேண்டும்; கல்லுக்கு நடுவே தண்டு வெளிவர ஓர் அங்குல இடைவெளி போதும்.